நீதான் தைரியமா இருக்கணும்

காவிரிப் படுகையின் மீது 2004ஆம் ஆண்டில் இரண்டு முறை இடி விழுந்தது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் ஊருக்குள் ஏறி வந்தது. தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பலியான சுமார் 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே காலையில் பறிகொடுத்த தம்பதிகள் நாகைக் கடற்கரைக் கிராமங்களில் இருந்தார்கள்.

அவர்களுக்காக அரசு அறிவித்த உதவிகளில் ஒன்று பலருக்கு நினைவிருக்கும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு செலவில் செய்துகொடுத்தார்கள். பல பெண்கள் தாங்களாகவே விரும்பிப் போனார்கள். சிலருக்குப் பிள்ளை பிறந்தது, சிலருக்குப் பிறக்கவில்லை. அந்த உதவியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிள்ளைகளின் உடலை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒரு கணவனும் மனைவியும், அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது? பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் பயிற்சி கொடுத்த தொண்டர்கள் குடிசை குடிசையாகப் போய்ப் பேசினார்கள். மற்றபடி இந்தக் கேள்வி சொந்தபந்தத்தின் கையில் விடப்பட்டது. சொந்தபந்தம் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னது.

கணவனிடம், "நீதான் தைரியமா இருக்கணும். நீயே உடஞ்சிட்டா அவ என்ன ஆவா?" மனைவியிடம், "அவரு முகத்துக்காகவாவது எந்திரிச்சு சாப்புடு." எந்தச் சாவு வீட்டிலும் கேட்கிற வார்த்தைகள்தான். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் துக்கத்தில் இருக்கும் தம்பதிக்குக் கொடுக்கக்கூடிய மிக மோசமான யோசனைகளில் இது ஒன்று. கணவன் தன் அழுகையை மனைவிக்காக விழுங்குகிறான், மனைவி தன்னுடையதைக் கணவனுக்காக விழுங்குகிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுகிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேயும் அவருடைய சகாக்களும், பிள்ளையை இழந்த 219 தம்பதிகளை இறப்புக்குப் பின் ஆறாம் மாதத்திலும், பதின்மூன்றாம் மாதத்திலும், இருபதாம் மாதத்திலும் கேள்வி கேட்டார்கள். துணைக்காக உங்கள் துயரத்தை அடக்கிக்கொள்கிறீர்களா என்பது அதில் முக்கியமான கேள்வி. 2013இல் முடிவு வெளியானது. அப்படி அடக்கிக்கொண்டவர்களின் துயரம் அதிகமாகத்தான் இருந்தது. அவர்கள் யாரைக் காப்பாற்ற நினைத்து அடக்கினார்களோ, அந்தத் துணையின் துயரமும் அதிகமாக இருந்தது. இருவருக்கும் நஷ்டம். ‘உனக்காகத்தான் நான் அழவில்லை’ என்பது துணையின் கண்ணுக்கு ‘இவருக்கு வருத்தமே இல்லை’ என்று தெரிகிறது.

இந்த இடத்தை அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் அளவுக்கு நெருங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அவருடைய மூத்த மகன் எலியட் 1900ஆம் ஆண்டில், நான்கு வயது நிறைவதற்கு முன், வயிற்றுப்போக்கு நோயில் இறந்தான். மருத்துவரை முன்னமே அழைத்திருக்க வேண்டும் என்று ஃப்ராஸ்ட் தன்னையே நொந்துகொண்டார். மனைவி எலினோர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார். 1914இல் வெளியான தொகுப்பில் ‘ஹோம் பெரியல்’ என்ற நீண்ட உரையாடல் கவிதை இருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு கணவனும் மனைவியும் மாடிப்படியில் நின்று பேசுகிறார்கள். குழந்தையின் குழியை வீட்டருகே அந்தக் கணவனே தோண்டினான். அவன் மண்வெட்டியை வீசி வீசித் தோண்டியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தோண்டி முடித்து உள்ளே வந்தவன் வேலி மரம் உளுத்துப்போவதைப் பற்றிப் பேசினான். அதைக் கேட்ட நொடியில் இவன் மனது கல் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவனுக்கோ, பிள்ளைக்குக் கடைசியாகத் தன் கையால் செய்ய முடிந்தது அந்தக் குழி ஒன்றுதான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் பிள்ளையை நேசித்தவர்கள். தாங்க முடியாத துயரம் கொண்ட கவிதை என்று ஃப்ராஸ்ட் அதை மேடையில் வாசிப்பதையே தவிர்த்தார்.

ஸ்ட்ரோபேயும் அவருடைய சகா ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு விளக்கம் தருகிறது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு திசைகளுக்கு நடுவே போய்ப்போய் வருகிறார். ஒரு நேரம் இழப்பின் பக்கம்: அழுவது, படத்தைப் பார்ப்பது, துணியை முகர்வது, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம்: வேலைக்குப் போவது, கடனைக் கட்டுவது, ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவது. போவதும் வருவதும்தான் ஆரோக்கியம். கணவனும் மனைவியும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவள் பிள்ளையின் புத்தகப்பையை மடியில் வைத்திருக்கும் நேரத்தில் அவன் டீசல் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆறு மாதம் கழித்து அவள் எழுந்து சமைக்கத் தொடங்கும்போது அவன் படுக்கையில் விழுவான். அன்பு குறைந்துபோனதன் அடையாளமாக இதைப் படிக்கக் கூடாது.

நாகை மீனவர்களுக்கு இதிலும் ஒரு கொடுமை சேர்ந்தது. வேலையில் துக்கத்தைக் கரைக்கிற ஆண்களுக்கு வேலையே இல்லை. படகு உடைந்து கிடந்தது, வலை போயிருந்தது. இறங்க வேண்டிய கடல்தான் பிள்ளையைத் தின்றிருந்தது. மாதக்கணக்கில் கரையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் குடியில் விழுந்தார்கள். அந்தக் குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பார்த்தார்கள். அது ஓர் ஆணின் மனச்சோர்வாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலர்தான். ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிடக் கோபமாகவும் குடியாகவும் வாய் பேசாமையாகவும் வருவது அதிகம். ‘தைரியமா இருக்கணும்’ என்று சொல்லப்பட்டவனுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது?

துணை என்ன செய்யலாம்? முதலில், இறந்தவரின் பெயரைச் சொல்லலாம். ‘ஞாபகப்படுத்தினால் அழுவாளே’ என்று பெயரையே எடுக்காத வீடுகள் ஏராளம். அவள் மறந்திருந்தால்தானே ஞாபகப்படுத்த? பெயர் நின்றுபோன வீட்டில் அவள் நினைப்பு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னிக்கு ஸ்கூல் திறக்குதுல்ல, எனக்குக் காலையிலேர்ந்து அவன் நெனப்புதான்" என்று கணவன் சொல்லிவிட்டால் அவள் அழுவாள். அழட்டும். அவனும் அழட்டும். பிறந்தநாள், ஜூன் மாதத்துப் பள்ளித் திறப்பு, தீபாவளித் துணி எடுக்கும் வாரம், இறந்த தேதி. இந்த நாட்கள் வருவது முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு லீவு போடுவது பெரிய சேவை.

பொருட்களின் விஷயத்தில் அவசரம் கூடாது. மனைவி தாய்வீட்டுக்குப் போயிருக்கும்போது, ‘திரும்பி வந்து பார்த்தா வருத்தப்படுவா’ என்று பிள்ளையின் சட்டைகளையும் பொம்மைகளையும் எடுத்து யாருக்கோ கொடுத்துவிடும் உறவினர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய காயம் வேறில்லை. எதை வைப்பது, எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது தம்பதி இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஒரு வருடமானாலும் ஆகட்டும். அதேபோல, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ‘கொஞ்சநாள் மாற்றமா இருக்கட்டும்’ என்று மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணவனைக் காலி வீட்டில் தனியாக விடுவதும் நல்லதல்ல. போவதானால் இரண்டு பேரும் போகட்டும்.

பழிபோடும் பேச்சு இன்னொன்று. ‘நீதானே அவனைக் கடற்கரைக்கு அனுப்பின’ என்ற ஒரு வாக்கியம் இருபது வருட தாம்பத்தியத்தை உடைத்துவிடும். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மற்றவர் தன்னையே அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்கு ‘அப்படியெல்லாம் நினைக்காதே’ என்ற பதில் போதாது. அன்று காலை என்ன நடந்தது என்று அவர் நூறாவது முறை சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் உதவி. தாம்பத்திய உறவிலும் இதே பொறுமை வேண்டும். அணைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஆறுதலாக இருக்கும். இன்னொருவருக்கு, பிள்ளை மண்ணுக்குள் இருக்கும்போது சுகம் தேடுவது பாவமாகத் தோன்றும். அடுத்த பிள்ளையைப் பற்றி மாமியாரும் பக்கத்து வீட்டாரும் கேட்கத் தொடங்கும்போது, "அதை நாங்க பாத்துக்கிறோம்" என்று வாசலிலேயே நிறுத்த வேண்டியவர் துணைதான்.

இழப்பு ஒருவருடையதாக மட்டும் இருக்கும் வீடுகளும் உண்டு. மனைவியின் அண்ணன் விபத்தில் போய்விட்டார் என்றால், கருமாதிக்குக் கணவன் போய் வருகிறான். அதன்பிறகு அது ‘அவங்க வீட்டுத் துக்கம்’. அடுத்த வாரம் சாம்பாரில் உப்பு இல்லை என்று கேட்கிறான். அண்ணனோடு வளர்ந்த முப்பது வருடத்தை அவள் எந்த வீட்டில் வைத்து அழுவாள்?

இத்தனையும் செய்தாலும் போதாத ஒரு கட்டம் இருக்கிறது. துக்கம் அலையலையாக வரும். நடுவே ஒரு பழைய நினைவுக்குச் சிரிப்பும் வரும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இருள், தூக்கமின்மை அல்லது தூங்கிக்கொண்டே இருத்தல், சோறு இறங்காமை, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம். இவை சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதம் கடந்தும் வாழ்க்கையை முடக்கிப்போடும் துயரத்தைத் தனியொரு கோளாறாகவே 2022 முதல் அங்கீகரிக்கிறது. கணவன் அல்லது மனைவி எவ்வளவு நேசித்தாலும் இதற்கு வைத்தியம் செய்ய முடியாது. மருத்துவரிடம் கூட்டிப் போக முடியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ‘பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் தெரியல’ என்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

"நானும் அவனோட போயிருக்கணும்" என்று துணை சொன்னால், பேச்சை மாற்றக் கூடாது. ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. கேட்கப்பட்டவருக்குச் சொல்வதற்கு ஓர் ஆள் கிடைக்கிறது. அன்றிலிருந்து அவரைத் தனியே விடாமல், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் எலிமருந்தையும் வெளியேற்ற வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416இலும் மாநில அரசின் 104இலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். துணைக்காகக் கவலைப்படுகிறவரும் அழைக்கலாம். அவருக்கும் தனக்கென ஒரு நண்பரோ அக்காவோ வேண்டும். வாரத்தில் ஒரு மாலை ‘நீ போய் வா, நான் இவளோட இருக்கேன்’ என்று சொல்ல ஆள் வேண்டும்.

நாகையில் மூன்று பிள்ளைகளையும் சுனாமிக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோரை இழந்த பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்த ஒரு தம்பதியைப் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. வணங்கத்தக்கவர்கள். ஆனால் அவர்களைக் காட்டி, எழ முடியாமல் கிடக்கும் இன்னொரு தம்பதியிடம் ‘அவங்களப் பாருங்க’ என்று சொல்வது கொடுமை.

இதில் சட்டத்துக்கும் வேலை இருக்கிறது. பிரிட்டனில் 2010இல் இரண்டு வயதுகூட நிறையாத ஒரு குழந்தை நீரில் மூழ்கி இறந்தபோது, தந்தைக்குக் கிடைத்தது மூன்று நாள் விடுப்பு. அதில் ஒரு நாள் அடக்கத்துக்கு. தாய் பத்தாண்டுகள் போராடினார். 2020 ஏப்ரலிலிருந்து அங்கே 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த தாய், தந்தை இருவருக்கும் இரண்டு வார விடுப்பு சட்டப்படி உரிமை. இந்தியாவில் கரு கலைந்தால் தாய்க்கு ஆறு வாரம் உண்டு. மத்திய அரசில் வேலை செய்யும் பெண்ணுக்கு, குழந்தை பிறந்தவுடன் இறந்தால் 2022 முதல் 60 நாள் உண்டு. பள்ளி போகும் பிள்ளையைப் பறிகொடுத்த தனியார் நிறுவன ஊழியருக்கு, ஆணோ பெண்ணோ, துக்கத்துக்கென்று சட்டம் எதுவும் தரவில்லை. முதலாளியின் மனதைப் பொறுத்தது. தமிழ்நாடு இதில் முந்திக்கொள்ளலாம். மீனவருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் விடுப்பு என்ற ஒன்றே கிடையாது, ஆனால் நலவாரியம் இருக்கிறது. தொழிலாளி இறந்தால் ஈமச்சடங்குக்குப் பணம் தரும் வாரியம், தொழிலாளியின் பிள்ளை இறந்தால் இரண்டு வாரக் கூலியைத் தாய், தந்தை இருவர் கையிலும் கொடுக்கட்டும். அந்த இரண்டு வாரத்தில் ஒருமுறையும், ஆறாம் மாதத்தில் ஒருமுறையும், அரசு மனநல ஆலோசகர் வீட்டுக்கே வந்து இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசட்டும்.