விடுமுறைப் படிவத்தில் கையொப்பமிடுபவர் யார்?

கிளிநொச்சிக்குப் போகும்போதெல்லாம், விடிவதற்கு முன்பே ஏ9 வீதியோரம் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்களைக் காண்கிறேன். 2009 இல் போர் முடிந்த சில ஆண்டுகளில் மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல் ஆலைகள் கிளிநொச்சியிலும், ஒமேகா லைன் வவுனியாவிலும் இயங்கத் தொடங்கின. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பது பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்த வேலையாட்களைப் பற்றி முடிவெடுக்கும் மனிதவளப் பிரிவைப் பற்றிப் பேசியது குறைவு.

இந்தத் துறையில் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லீனா நாயர் ஓர் உதாரணம். மகாராஷ்டிர மாநிலத்தின் கோலாப்பூரில் பிறந்தவர். ஜாம்ஷெட்பூரில் மனிதவள முகாமைத்துவம் படித்துவிட்டு 1992 இல் ஹிந்துஸ்தான் லீவரில் பயிலுநராகச் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளைத் தலைமையகத்தில் கழிக்கவில்லை. கொல்கத்தா, தமிழ்நாட்டின் அம்பத்தூர், தலோஜா என ஆலைகளில் வேலை செய்தார். அந்த நிறுவனத்தில் இரவுப் பணி பார்த்த முதல் பெண்ணும் அவரே. 2016 இல் யூனிலிவரின் உலக மனிதவளத் தலைவரானார். 2022 ஜனவரியில் பிரான்ஸின் ஷனெல் நிறுவனத்துக்குத் தலைமை நிறைவேற்று அதிகாரியானார்.

அவர் பட்டத்தோடு ஆலைக்குள் நுழைந்தவர். நமது பிள்ளைகள் சாதாரண தரத்தோடு தையல் இயந்திரத்தின் முன் அமர்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் தொழிலாளியின் வாழ்வை அறியாதவரை மனிதவளத் தலைமைக்குக் கொண்டுவரக் கூடாது என்ற பாடம் அந்தப் பயணத்தில் இருக்கிறது.

வன்னியில் அந்தப் பாடத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு. ஒரு நாள் வராவிட்டால் வருகைக் கொடுப்பனவை வெட்டுவது இலங்கையின் ஆடைத் தொழிற்றுறையில் பரவலான வழக்கம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கோ, மே 18 இல் முள்ளிவாய்க்காலுக்கோ போக விரும்பும் ஒரு மகளின் விடுமுறை, படிவத்தில் 'சொந்தத் தேவை' என்ற இரண்டு சொல்லாகிவிடுகிறது. கையொப்பமிடுபவருக்கு அந்த நாட்களின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் தமிழில் பேச முடிய வேண்டும். பேசியதற்காக வேலை போகாது என்ற நம்பிக்கையும் வேண்டும்.

2021 ஆகஸ்டிலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகம். அங்கே வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் நம் பட்டதாரிகள் மனிதவளத்தை ஒரு தொழிலாக எண்ணிப் பார்க்கலாம். ஆலைகளும் இயந்திரத்தில் இருக்கும் பெண்களுக்கு அலுவலகம்வரை ஒரு படிமுறையை எழுத்தில் வைக்க வேண்டும். அப்படியொன்று இருக்கிறதா என்று மாவட்ட அபிவிருத்திக் கூட்டங்களில் நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

அதுவரை வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். சம்பளச் சிட்டைகளை எறியாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் போக வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் முடித்து விலகினால், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.