வாஷிங் மெஷினில் துவைத்த புத்தகங்கள்!

இரண்டு புத்தகங்களை வாஷிங் மெஷினில் போட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டால் என்ன ஆகும்? நம் வீட்டில் என்றால் அம்மாவிடம் செம திட்டு விழும். ஆனால், சீனாவின் ஹுவாங் யோங் பிங் 1987-ல் இதைச் செய்தபோது, அது கலை வரலாற்றில் இடம்பிடித்தது.

அவர் துவைத்த புத்தகங்களில் ஒன்று சீன ஓவிய வரலாறு. இன்னொன்று மேற்கத்திய நவீன ஓவிய வரலாறு. இரண்டும் கூழாகி ஒன்றோடொன்று கலந்துவிட, அந்தக் கூழை ஒரு மரப்பெட்டியின் மேல் குவித்து வைத்தார். 'பழைய மரபைப் பிடித்துக்கொள்வதா, மேற்கைப் பின்பற்றுவதா?' என்று அன்றைய சீன இளைஞர்கள் திணறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் திணறலுக்கு அவர் சொன்ன பதில்தான் அந்தக் கூழ்!

இதைத்தான் 'கான்செப்சுவல் ஆர்ட்' என்கிறார்கள். தமிழில் கருத்துருக் கலை எனலாம். இதில் கைவேலையின் அழகைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் யோசனைதான் முக்கியம்.

சுட்டது யார்?

இந்தக் கலையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஓவியத்தைச் சுவரில் மாட்டிப் பாதுகாக்கலாம். யோசனையை எங்கே மாட்டுவது? ஹுவாங்கும் அவருடைய நண்பர்களும் 1986-ல் ஷியாமென் நகரில் கண்காட்சி நடத்தி முடித்ததும், தங்கள் படைப்புகளைத் தாங்களே தீவைத்துக் கொளுத்தினார்கள். அன்று எடுத்த போட்டோக்கள்தான் இன்றைக்கு சாட்சி.

1989 பிப்ரவரி 5. பெய்ஜிங்கில் ஒரு பெரிய நவீனக் கலைக் கண்காட்சியின் முதல் நாள். ஷியாவ் லு என்ற இளம்பெண், தொலைபேசிக் கூண்டுகளை வைத்துத் தானே உருவாக்கிய படைப்பைத் துப்பாக்கியால் சுட்டார். கண்காட்சி உடனே மூடப்பட்டு, சில நாள்கள் கழித்தே மறுபடி திறந்தது. அந்தச் செயலை ஷியாவ் லுவும் டாங் சோங் என்ற ஆண் கலைஞரும் சேர்ந்து செய்ததாகவே பல வருடங்கள் எழுதிவந்தார்கள். 'அது என்னுடைய படைப்பு மட்டுமே' என்று ஷியாவ் லு வெளிப்படையாகச் சொன்னது, சுமார் 15 வருடங்கள் கழித்துத்தான்.

ஆவணங்களைத் தேடி, சம்பந்தப்பட்டவர்களிடம் பேசி, யார் என்ன செய்தார்கள் என்று சரிபார்க்க ஆள் இல்லையென்றால், ஒரு பெண்ணின் படைப்பு பாதி இன்னொருவர் கணக்கில் போய்விடும். அருங்காட்சியகங்கள் ஆய்வு நல்கை, அதாவது ஃபெல்லோஷிப் கொடுப்பதன் அவசியம் இங்கேதான் புரிகிறது.

லிஃப்ட் கம்பெனிக்காரரின் சேகரிப்பு

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உலி சிக், ஷிண்ட்லர் லிஃப்ட் நிறுவனத்துக்காக 1979-ல் சீனாவுக்குப் போனவர். பிறகு 1995 முதல் 1998 வரை அங்கேயே சுவிஸ் தூதராக இருந்தார். உள்ளூரில் பெரிதாக யாரும் சேகரிக்காத சீன நவீனக் கலைப் படைப்புகளை அவர் தேடித்தேடி வாங்கினார். 2012-ல் அவற்றில் 1,463 படைப்புகளை ஹாங்காங்கின் 'எம் ப்ளஸ்' அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். மேலும் 47 படைப்புகளை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 2021 நவம்பரில் எம் ப்ளஸ் மக்களுக்குத் திறக்கப்பட்டது. சீனக் கலையை ஆராய்பவர்களுக்கு சிக்கின் பெயரிலேயே அங்கு ஆய்வு நல்கையும் தரப்படுகிறது.

பூதப்பாண்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நாகர்கோவிலில் ரயில் ஏறினால் எர்ணாகுளம். 2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி பினாலேவில், சீனக் கலைஞர் ஷூ பிங்கின் படைப்பு இடம்பெற்றது. முன்னால் நின்று பார்த்தால் மலையும் ஓடையுமாக அழகான சீன மை ஓவியம். பின்னால் போய்ப் பார்த்தால் காய்ந்த இலை, குச்சி, நார், காகிதக் குப்பை! பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில், கண்ணாடித் திரையில் விழும் நிழல்தான் ஓவியமாகத் தெரிகிறது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிதா என்ன? வெள்ளை வேட்டித் திரை, பின்னால் ஒரு விளக்கு, ஆட்டுத்தோலில் செய்த ராமனும் ராவணனும், கூடவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். ஒரே கலைஞர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, பாவைகளையும் ஆட்டுவார். அதுதான் தோல்பாவைக்கூத்து!

தோலில் செய்த பாவை அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். ஆனால் அந்தக் குரல்? அந்தந்த ஊருக்கு ஏற்ப அவ்வப்போது கட்டிச் சொல்லும் கிண்டல்? கண்ணாடிப் பெட்டிக்குள் அவற்றை வைக்க முடியாதே. குமரி மாவட்டத்து நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா.பெருமாள் ஊர் ஊராக அலைந்து இந்தக் கூத்தைப் பதிவுசெய்து எழுதியதால்தான், இன்றைய தலைமுறைக்கு இவ்வளவாவது கிடைத்திருக்கிறது. ஷியாமெனில் எரிந்த படைப்புகளுக்கு போட்டோ எப்படியோ, இந்தக் கூத்துக்கு அவருடைய எழுத்து அப்படி.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆய்வாளர்

இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஹாங்காங் வரை போக வேண்டியதில்லை. மத்திய கலாசார அமைச்சகம் கலை, பண்பாட்டுத் துறையில் 2 வருட ஃபெல்லோஷிப் வழங்குகிறது. 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் பிரிவில் மாதம் 10,000 ரூபாய். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு சீனியர் பிரிவில் மாதம் 20,000 ரூபாய். இந்த விதிகள் மாறக்கூடும் என்பதால், புதிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

எதை ஆராயப் போகிறோம், ஏன், யாரைச் சந்திக்கப் போகிறோம், எவ்வளவு காலம் ஆகும்... இந்த நான்கையும் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும், விண்ணப்பத்தின் பாதி வேலை முடிந்தது.

ஜீவா பிறந்த மண் பூதப்பாண்டி. அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும், விடிய விடியக் கூத்துப் பார்த்த ஆச்சிகளும் தாத்தாக்களும் இன்னும் இருக்கிறார்கள். உளுவத்தலையன் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தான் என்று இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது செல்போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்ய மறந்துவிடாதீர்கள். பெயர், ஊர், தேதியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

நாளைக்கு ஓர் ஆய்வாளர் தேடி வரும்போது, அந்தச் சிரிப்பு அங்கே இருக்க வேண்டும் அல்லவா?