இயங்குதள மாற்றமும் எழுத்துரு இழப்பும்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதனால் மடிக்கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவ வேண்டிய தேவை ஆய்வாளர் பலருக்கும் நேர்ந்துள்ளது. நிறுவுமுன் கோப்புகளுக்குக் காப்புப்படி எடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. எவற்றுக்கெல்லாம் எடுக்க வேண்டும் என்பதே தமிழாய்வாளர் தனித்து எண்ண வேண்டிய வினா.

இதனை என் பிழையால் உணர்ந்தேன். ஆய்வேட்டு இயல்கள், களப்பணி ஒலிப்பதிவுகள் அனைத்தையும் புறவன்தட்டில் படியெடுத்த பின்னரே மடிக்கணினியின் வட்டு முற்றிலும் அழிக்கப்பெற்றுப் புதிய இயங்குதளம் நிறுவப்பெற்றது. கோப்பு ஒன்றும் தொலையவில்லை. எனினும் என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டைத் திறந்தபோது பக்கந்தோறும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நின்றன. அதற்குரிய எழுத்துரு நான் படியெடுத்த கோப்புறைகளில் இல்லை. இயங்குதளத்தின் எழுத்துருக் கோப்புறையில் இருந்து, வட்டோடு அழிந்துவிட்டது. தட்டச்சு செய்து தந்தவரைத் தேடி அதனை மீளப்பெற மூன்று வாரமாயிற்று.

ஒருங்குறிக்கு முற்பட்ட பல எழுத்துருக்களில் எழுத்துருவே குறியாக்கமாகவும் அமைந்தது. பாமினியில் அகரம், ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தின் இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. எழுத்துரு நீங்கினால் அகரமும் நீங்கிவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்களே நெடுங்காலம் வழங்கின. நம் துறைகளின் ஆய்வேடுகள் பலவும் அவற்றில் உருவானவையே.

ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் போதாதா எனலாம். மாற்றியிலும் பிழை நேர்கிறது. பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன் தட்டச்சிடப்படும். ஒருங்குறியில் மெய்க்குப் பின் பதிவாகும். இம்முறைமாற்றத்திலும், ஔகாரக் குறியை ளகரமாகக் கொள்ளுமிடத்தும் சொல் சிதைகிறது. ‘கௌ’ என்பது ‘கெள’ ஆனால் கண்ணுக்குப் புலப்படாது. சொல்லடைவு தொகுக்கையில்தான் தெரியும். ஏடெழுதுவோரால் நேர்ந்த பாடவேறுபாடுகளை ஆராயும் நாம், நம் கணினி உண்டாக்கும் பாடவேறுபாட்டைக் கவனியாதிருத்தல் தகாது. எனவே மூலக்கோப்பும், அதன் எழுத்துருவும், ஒப்புநோக்கிய ஒருங்குறிப் படியும் ஒருங்கே காக்கப்பட வேண்டும். உரிமம் பெற்ற தட்டச்சு மென்பொருளாயின் உரிம எண்ணையும் குறித்துவைத்தல் நலம்.

ஷோத்கங்காவில் ஆய்வேடு இருக்கிறதே என்பாரும் உளர். அங்குள்ளது பிடிஎப் வடிவம். பழைய எழுத்துருவில் அமைந்த பிடிஎப் படிக்கத் தமிழாயினும், தேடும்போதும் பகுதியைப் படியெடுக்கும்போதும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளையே தருகிறது. மேகச் சேமிப்பின் ஒத்திசைவும் காப்புப்படியாகாது; ஓரிடத்தில் அழித்தது மற்றோரிடத்திலும் அழியும்.

என் தகவலாளருள் இருவர் இன்று இல்லை. அவர்தம் ஒப்பாரிப் பதிவுகள் மீண்டும் எடுக்க இயலாதவை. அவற்றை இப்போது இரண்டு வன்தட்டுகளில், வெவ்வேறு ஊர்களில் வைத்துள்ளேன். இவ்வேற்பாடு தனி ஆய்வாளரின் விருப்பத்திற்கு விடப்படலாகாது என்பது என் கருத்து. ஆய்வேட்டின் கட்டமைத்த படிகளைப் பெறும் துறை, மூலக்கோப்பையும் அதன் எழுத்துருவையும் உடன்பெற்று, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே ஏற்பளித்தல் வேண்டும்.