இரண்டு வல்லங்கள்

செஞ்சிக் கோட்டைக்கு அருகே, விழுப்புரம் ஜில்லாவில், வல்லம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலே வல்லம் வடகால் என்று மற்றோர் இடம் இருக்கிறது. முதல் வல்லத்தில் நெல்லும் மணிலாக் கொட்டையும் விளைகின்றன. இரண்டாவது வல்லத்தில் 2017-ஆம் வருஷம் முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியாகின்றன. 2024 ஆகஸ்டு மாதத்தில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக் கூடிய மாபெரும் விடுதியும் அங்கே திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். படிப்பு முடிந்த வாலிபர்களும் யுவதிகளும் முதல் வல்லத்துச் சீமையிலிருந்து இரண்டாவது வல்லத்தின் திசையை நோக்கிப் பஸ் ஏறுகிறார்கள். நம் தேசத்துத் தொழிற்கல்விப் பிரச்னை முழுவதும் அந்த நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

"படித்தவனுக்கு வேலை இல்லை" என்கிறார்கள் பெற்றோர். "வேலை இருக்கிறது, வேலை தெரிந்தவன் இல்லை" என்கிறார்கள் முதலாளிமார். இரண்டு கூற்றும் உண்மைதான். 2015-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசியத் திறன் வளர்ச்சிக் கொள்கை ஒரு கணக்குச் சொல்லிற்று: நம் நாட்டில் தொழில் செய்பவர்களுள் முறையான பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்கு 4.69 பேர். ஜெர்மனியில் 75 பேர். தென் கொரியாவில் 96 பேர். நம்மவருக்குக் கையும் மூளையும் குறைவாக இல்லை. கைக்கும் மூளைக்கும் நடுவே இருக்க வேண்டிய பாலந்தான் குறைவு.

பாலம் கட்டும் முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. 1937-ஆம் வருஷம் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலையே கல்வியின் நடுநாயகமாக வைத்தார். 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் நிறைவேறியது. ஆயினும் நமது இல்லங்களில் தொழிற்கல்வி என்றால் ஒரு முகச்சுளிப்பு இருந்து வருகிறது. மார்க்கு குறைந்த பிள்ளைக்கு என்று ஒதுக்கி வைத்த பின்கட்டு அறையாகவே அதை நாம் கருதுகிறோம்.

இந்த முகச்சுளிப்புக்கு வறட்டுக் கௌரவம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறொரு நியாயமான பயமும் உண்டு. 1953-இல் ராஜாஜி அவர்கள் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டு வந்தார். பாதிப் பொழுது பள்ளிப் படிப்பு. மறுபாதி பெற்றோரின் தொழிலைப் பழகுதல். "குலக்கல்வி" என்ற பெயரோடு அதற்குப் பெருத்த எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் முதன் மந்திரியான காமராஜ் அதைக் கைவிட்டார். அந்தக் கிளர்ச்சி நமக்குப் போதித்த பாடம் மறக்கத் தக்கதன்று. தொழிலைத் தெரிந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். பிறப்பு அதைத் தெரிந்தெடுக்கக் கூடாது. குயவர் மகன் எலெக்ட்ரீஷியன் ஆகலாம், குமாஸ்தாவின் மகள் வெல்டர் ஆகலாம் என்ற நிலை இருந்தால்தான் அது தொழிற்கல்வி. இல்லாவிட்டால் அது பழைய விலங்குக்குப் புதிய பூட்டு.

பிறப்பு தீர்மானிக்கக் கூடாது என்றால், பின் எது தீர்மானிப்பது? "சந்தையின் தேவை" என்று இந்நாளில் பலரும் பதில் சொல்கிறார்கள். நல்ல பதில்தான். ஆனால் எந்தச் சந்தை, எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் அதை ஏற்றுக்கொள்வது அபாயம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைத்தொலைபேசி ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஆயிரக் கணக்கான இளைஞர்களும் இளம் பெண்களும் அங்கே வேலையில் அமர்ந்தார்கள். 2014 நவம்பர் முதல் தேதி ஆலை நின்றது. அந்தக் கட்டடத்துக்குப் பிற்பாடு வேறொரு கம்பெனி வந்து சேர்ந்தது. வேலை இழந்தவர்களின் வருஷங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு கம்பெனியின் ஒரு வரிசையில் ஒரு திருகை முடுக்கத் தெரிவதற்குத் "திறன்" என்று பெயர் சூட்டினால், கம்பெனி போகும்போது திறனும் கூடவே போய்விடும். தொழிலாளியின் சொத்தாக அவனோடு எங்கும் வருவது எதுவோ அதுதான் தொழில்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே பயிலும் மாணவன் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலையிலும் ஒன்றிரண்டு நாள் பள்ளியிலும் இருக்கிறான். பாடத்திட்டம் வகுக்கும்போது முதலாளிகளும் தொழிற் சங்கத்தாரும் சர்க்காரும் கூடி உட்காருகிறார்கள். முடிவில் பரீட்சை நடத்துவது அவனுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி அன்று; வர்த்தக சங்கமே நடத்துகிறது. ஆகையால் ஓர் ஊரில் வாங்கிய அத்தாட்சி நாடெங்கும் செல்லுபடியாகிறது. நம் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2019-ஆம் வருஷத்து விதிப்படி, முப்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனம் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழகுநனாக வந்தவனுக்குத் தொழிலைப் பழக்குகிறார்களா, அல்லது மலிவான கூலியாளாக மட்டும் நடத்துகிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டிய கண்கள் சர்க்காருக்கும் வேண்டும், பெற்றோருக்கும் வேண்டும்.

இனி, முதல் வல்லத்துக்கு வருவோம். சந்தை என்றால் இரண்டாவது வல்லம் மட்டுந்தானா? செஞ்சிச் சீமையில் கிணற்று மோட்டார் காயில் கருகிவிட்டால் பயிர் காத்திருக்காது. அறுவடை இயந்திரம் வயல் நடுவே நின்றுவிட்டால் மழை காத்திருக்காது. மோட்டாருக்குக் காயில் கட்டவும், டிராக்டரைப் பிரித்துப் பூட்டவும் நன்றாகத் தெரிந்தவனுக்கு ஊரிலேயே மரியாதையும் உண்டு, வருமானமும் உண்டு. கோட்டையின் கதையோ இன்னும் விசேஷம். 2025 ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை, மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றோடு சேர்ந்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. பழைய மதிலைச் சிமெண்டினால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லும் காரையும் கெடும். பக்குவமாகச் சுண்ணாம்புக் காரை அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். அந்த வித்தையைக் கோட்டையின் நிழலிலேயே சொல்லிக் கொடுத்தால், கோயில்களும் அரண்மனைகளும் நிறைந்த நம் நாட்டில் அப்பிள்ளைக்கு வேலைப் பஞ்சம் ஏது?

தொழிற்சாலைப் பயிற்சி வேண்டாமென்பது நம் கருத்தன்று. 2022-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீன இயந்திரங்களோடு புதுப்பிக்க டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மகிழ்ச்சிக்குரிய காரியம். கணிப்பொறி இயக்கும் கடைசல் இயந்திரத்தைப் பழகும் மாணவன், அளவு பார்க்கவும் அரம் பிடிக்கவும் வரைபடம் படிக்கவும் முதலில் கற்றிருந்தால், இரண்டு வல்லங்களிலும் அவன் பிழைப்பான்.

நேயர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையம் முட்டுச் சந்து அன்று. வெல்டர் படிப்பு ஒரு வருஷம்; பிட்டர், எலெக்ட்ரீஷியன் படிப்புகள் இரண்டு வருஷம். இரண்டு வருஷம் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமா பெற்றவர் பொறியியல் கல்லூரியிலும் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். பட்டத்துக்குப் போகும் படிகள் பட்டறை வழியாகவும் ஏறுகின்றன. ஏறும்போதே கையில் ஒரு தொழிலும் சேர்ந்துவிடுகிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதும், எந்தக் கல்லூரி, எவ்வளவு நன்கொடை என்ற பேச்சு வீடுதோறும் எழும். அதற்கு முன்னால், பிள்ளையையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே என்னென்ன தொழில் கற்பிக்கிறார்கள், கற்றுச் சென்றவர்கள் இப்பொழுது எங்கே இருக்கிறார்கள், எந்தப் பட்டறையில் பழக அனுப்புகிறார்கள் என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். பிறகு குழந்தையின் விருப்பத்தைக் கேளுங்கள். அந்த நிலையத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். பார்க்காமலே வேண்டாமென்று சொல்வதை மட்டும் இந்த வருஷத்தோடு விட்டுவிடுவோம்.