அடித்த தந்தி குற்றவாளியா?

சுரமானிக் கம்பியின்மேல் சிறு காகிதத் துண்டை மடித்து வைத்து, இசைக்கவையை அதிரச் செய்து, கம்பியின் நீளம் பொருந்தியதும் காகிதம் துள்ளி விழக் கண்டு மகிழாத அறிவியல் மாணவர் நம்முள் எவருமிலர். ஆனால் அந்தக் காகிதம் ஆய்வுக்கூடத்திலேயே விழுந்து கிடக்கிறது; நம்மோடு வெளியே வருவதில்லை. இதுவே என் குறை.

சென்ற விடுமுறையில், என் பெற்றோர் குடியேறி வாழும் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) சென்றிருந்தேன். அங்கே ஒரு மண்டபத்தில் பெரிய பியானோ ஒன்று. கட்டையிலிருந்து விரலை எடுத்த பின்னும் மெல்லிய ரீங்காரம் நின்று ஒலித்தது. அடித்த தந்தியை மாற்றிப் பார்த்தார்கள், போகவில்லை. "கடற்காற்று தின்றுவிட்டது, மரவிலைக்குப் போகட்டும்" என்றார்கள். இயற்பியல் கற்ற இருவர் பக்கத்தில் நின்றோம். தலையசைத்தோம்! அவ்விருவரில் ஒருவன் நான்.

மூன்று நாள் கப்பற் பயணத்தில் இரண்டாம் நாள்தான் எனக்குச் சுரமானி நினைவு வந்தது. அடித்த தந்தி குற்றமற்றது. பியானோவில் 88 கட்டைகள். தந்திகளோ இருநூறுக்கு மேல். விரலை எடுத்ததும் கம்பளித் திண்டு வைத்த ஒலியடக்கி இறங்கித் தந்தியை அமர்த்தும். அதன் கம்பி ஏறி இறங்கும் துளையில் துணி ஒட்டியிருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அத்துணி ஈரத்தால் பருத்துக் கம்பியை இறுக்கினால், அடக்கி முழுதும் இறங்காது. பிறகு கீழ்ச் சுரம் ஒன்றை அடித்தால், மேல் ஸ்தாயியில் அதே சுரமோ, அதற்கும் மேலுள்ள பஞ்சமமோ, திண்டு படாத தந்தி ஒத்ததிர்வால் தானே பாடும். கண்டுபிடிக்கக் கருவி எதற்கு? தந்திகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். எதைத் தொட்டதும் ரீங்காரம் அறுகிறதோ அதுவே. (வியர்வை பட்டால் துருவேறும், விரலில் துணி சுற்றிக்கொள்க.)

எல்லா ரீங்காரமும் பிழையன்று. உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயிக்கு அடக்கியே வைப்பதில்லை. பாலத்துக்கு அப்பாலுள்ள தந்தி வாலும் சுரத்தோடு இசையுமாறு அளந்து வைக்கும் முறைக்கு ஸ்டைன்வே நிறுவனம் 1872-ல் காப்புரிமை பெற்றது. அங்கே ஒலி மிகுந்தால் கம்பளி நாடா போதும்.

அயல்நாட்டுக் கருவி நமக்கேன் என்பார், 1920-ல் நம் சி. வி. இராமன் கல்கத்தாவிலிருந்து பியானோச் சுத்தி தந்தியை மோதும் விதத்தை ஆராய்ந்து எழுதியதை அறியார் போலும்.

செய்முறைத் தேர்வில் செம்மையான கருவியைத் தந்து தெரிந்த விடையை வாங்குவதை விட்டு, ஆண்டுக்கொரு முறையேனும் கெட்ட கருவியைத் தந்து "எங்கே பிழை?" என்று கேட்கட்டும். நம் துறைகளிலே அதற்குப் பஞ்சமா என்ன!

மண்டபத்தாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் விடை வரவில்லை.