ராக்கெட் காலத்தில் தொழுகை எதற்கு என்கிறார்கள்!

"ராக்கெட் விடும் காலத்தில் தொழுகையும் நோன்பும் எதற்கு?" கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் தெரியாத பிள்ளை, ஜும்ஆ முடிந்ததும் அதை நம்மிடம் கொண்டு வருகிறான்.

கேட்பவர்களிடம் நாமும் ஒன்று கேட்போம். கருவிலுள்ள சிசுவின் நலம் அறிய ஸ்கேன் கருவி வந்தது. அதை வைத்தே பெண் சிசுவைத் தேடித் தேடி அழித்தார்கள். தடுப்பதற்கு 1994-ல் நாடாளுமன்றம் சட்டமே போட வேண்டி வந்தது. ஆணா பெண்ணா என்று கருவி காட்டும். கொல்லாதே என்று சொல்லுமா? பெண் மகவை உயிரோடு புதைத்த அரபிகளின் கையைப் பிடித்துத் தடுத்த மார்க்கத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது. (கைக்கூலி வாங்கும் நம்மவர்களும் இதைக் காதில் போட்டுக் கொள்ளட்டும்.)

சகோதரர்களே! இத்தோடு முடித்தால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நம் மேடைகளில் நடப்பது என்ன? மேல்நாட்டுக்காரன் ஒன்றைக் கண்டுபிடித்ததும், "இது 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆனில் இருக்கிறது" என்று மைக்கைப் பிடிக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். அவன் கண்டுபிடிக்கும் வரை நாம் எங்கே போயிருந்தோம்? அல்லாஹ்வின் வேதத்துக்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் வேண்டுமா? நாளை அந்த ஆய்வு முடிவு மாறினால் எந்த முகத்தோடு மேடை ஏறுவோம்?

முன்னோர்கள் மைக் பிடிக்கவில்லை, கணக்குப் போட்டார்கள். 9-ம் நூற்றாண்டு பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலின் பெரிய பகுதி, வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடும் கணக்குகள்தாம். 14-ம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துச் சொல்லும் பணியில் இருந்தவர் இப்னு ஷாத்திர். அங்கே மினாராவில் வைக்கச் சூரியக் கடிகாரம் செய்தவரும் அவரே. சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பும், 1543-ல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்டதும் ஒன்றாக இருப்பதை 20-ம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டு வியந்தார்கள். பள்ளிவாசல் ஊழியர் ஐயா அவர்!

நம் பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று நம் ஆலிம்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறை வந்தால் மட்டும் ஊர் இரண்டாகிறது.

வியாபாரப் பெருமக்களே! மினாராவுக்கு என்றால் அள்ளித் தருகிறீர்கள். இயற்பியல் படிக்க இடம் கிடைத்தும், பணமில்லாமல் கடை வேலைக்குப் போகும் ஏழைப் பையன் உங்கள் மஹல்லாவிலேயே இருக்கிறான். வரும் ரமளானில் ஜகாத் கணக்கை எடுக்கும்போது அவன் பெயரையும் எழுதுங்கள். ஒருவேளை அவன் உங்கள் கடையிலேயே கூடப் பொட்டலம் கட்டிக் கொண்டிருக்கலாம்.