வீடு பெரிசு, வருமானம் சிறிசு! வயசானவங்களுக்கு வரிச் சலுகை கிடைக்குமா?

மண்ணூர்,
ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரத்தில் மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. சொந்த வீட்டில் குடியிருக்கும் வயசானவர்களின் வருமானமோ ஏறவில்லை. வரி மட்டும் ஏறினால் இவர்கள் என்ன செய்வார்கள்?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸ்ஸான் வந்தது. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்களில் சதுர அடிக் கணக்கில் விலை பேச ஆரம்பித்தார்கள். அன்று ஏர் பிடித்தவர்களுக்கு இன்று எழுபது வயசு. பென்சன் கிடையாது. ஊர்க்காரர்கள் "லட்சாதிபதி" என்கிறார்கள். வீட்டை விற்றால்தானே லட்சம்? விற்றுவிட்டு எங்கே போய்ப் படுப்பது?

நகராட்சி வந்தால்...

ஊராட்சியில் வசூலிப்பது வீட்டு வரி. அதன்மேல் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. இது பெரிய சுமை அல்ல. நகராட்சிக் கணக்கில் சேர்ந்தால்தான் சங்கதி வேறு. ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியை நகராட்சி ஆக்கும் அறிவிப்பு 2024-ல் வந்தது. ஊர் வளர வளர பக்கத்து கிராமங்களுக்கும் இந்தக் கவலை உண்டு.

நகரங்களில் நடந்தது என்ன? 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. சென்னையின் பழைய பகுதி நீங்கலாக மற்ற நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. அதே சமயம், முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய்தான் ஆனது!

வயசு கணக்கில் இல்லை

சின்ன வீட்டுக்கு உயர்வு குறைவு. சென்னையில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. முன்னாள் படைவீரர்களுக்கும் சலுகை உண்டு. வயசுக்கென்று தனிச் சலுகை இந்தப் பட்டியலில் இல்லை.

டில்லி மாநகராட்சியில் 60 வயசு தாண்டியவர் தாம் குடியிருக்கும் ஒரே ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 சதவீதம் தள்ளுபடி பெறலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்னொரு வழி. 55 வயசானவர் வரியைத் தள்ளிப் போடலாம். வீடு கைமாறும்போது வட்டியோடு அரசுக்குப் போய்ச் சேரும்.

மறுபக்கமும் உண்டு

தெருவிளக்கு, குடிநீர், குப்பை எல்லாவற்றுக்கும் வரிப்பணம்தான் ஆதாரம். சொத்து வரியைச் சீரமைத்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று 15-வது நிதிக்குழுவும் நிபந்தனை போட்டது. சும்மா தள்ளுபடி கொடுத்துவிட முடியாது.

அதுமட்டுமல்ல. வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வரிசையாக அறை கட்டி வாடகை வாங்கும் பெரியவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்கும் சலுகையா? நியாயம் இல்லை. வாடகைக்கு விடாமல், தாமே குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு மட்டும், அளவு வரம்போடு கொடுப்பதே முறை. கையில் காசு இல்லாதவருக்குத் தள்ளிப் போடும் வசதி தரலாம். நாளைக்கு வீட்டை அனுபவிக்கப் போகும் வாரிசு கட்டட்டுமே! உள்ளாட்சிக்கு அதுவரை விழும் துண்டை மாநில அரசு ஈடுகட்ட வேண்டும்.

முதியவர்கள் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பல வீடுகளில் வரி ரசீது இன்னும் இறந்துபோனவர் பெயரில் வருகிறது. பெயர் மாற்றாவிட்டால் நாளைக்குச் சலுகை வந்தாலும் கைக்கு எட்டாது.

சதுர அடியை அளந்து வரி போடுகிறார்கள். சரி. உள்ளே யார் இருக்கிறார், அவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமே!